மாணவர் சங்க யாப்பு: பொறுப்பு கைமாறும் நாளை எண்ணி எழுதுங்கள்

கொழும்பில் சட்டத்தரணியாகத் தொழில் புரியும் என்னிடம் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களின் யாப்புகள், அதாவது அவற்றின் அமைப்பு விதிகள், வந்து சேர்வது பெரும்பாலும் சிக்கல் முற்றிய பின்னர்தான். வங்கி காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கும். அல்லது ஒரே சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் உரிமை கோரிக்கொண்டிருப்பார்கள். நோக்கங்களுக்கு இரண்டு பக்கமும் இலச்சினைக்கு ஒரு பந்தியும் ஒதுக்கிய யாப்பு, பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடைபெறாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி வாய் திறந்திருக்காது.

நமது பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மாணவர் ஒன்றியங்களுக்கு அச்சட்டத்திலேயே இடமுண்டு. தமிழ்ச் சங்கம், இந்து மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், நாடகக் குழு போன்றவற்றின் அன்றாட நடப்புக்கோ அவற்றின் யாப்பே ஆதாரம். இவற்றிற் பெரும்பாலானவை கூட்டிணைக்கப்படாதவை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ பதிவாகித் தனிச் சட்ட ஆளுமை பெறாதவரை, மண்டபத்துக்கும் ஒலியமைப்புக்கும் சங்கத்தின் பெயரால் கையொப்பமிடும் மாணவரே நிலுவைக்குப் பதில் சொல்ல நேரிடலாம். ஆகவே எவர், எத்தொகை வரை, எவரது எழுத்துமூல ஒப்புதலுடன் ஒப்பந்தம் செய்யலாம் என்பதை யாப்பு கட்டாயம் கூறவேண்டும்.

நான் அதிகம் காணும் கோளாறு கூட்ட நடப்பெண்ணில், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கு வரவேண்டிய ஆகக்குறைந்த உறுப்பினர் தொகையில்தான் இருக்கிறது. ஓர் உறுப்புரை, பீடத்தின் மாணவர் அனைவரும் உறுப்பினர் என்கிறது. இன்னோர் உறுப்புரை, பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினரில் அரைவாசிப் பேர் சமுகமளிக்கவேண்டும் என்கிறது. தனித்தனியே படித்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். சேர்த்துப் படித்தால், ஆயிரம் மாணவர் உள்ள பீடத்தில் ஐந்நூறு பேர் வராமல் எந்தத் தீர்மானமும் செல்லாது. அந்த விதியைத் திருத்துவதற்கும் அதே ஐந்நூறு பேர் வேண்டும். (பரீட்சைக் காலத்தில் ஐம்பது பேரைக் கூட்டுவதே பெரும்பாடு என்பதைச் செயலாளர்கள் அறிவார்கள்.) சந்தா செலுத்திப் பதிவுசெய்தவர்களை மாத்திரம் உறுப்பினராகக் கணித்து, நடப்பெண்ணை அவர்களில் ஐந்திலொரு பங்காக வைத்து, அதுவும் நிறையாவிடின் ஏழு நாட்களின் பின் அதே நிகழ்ச்சிநிரலுடன் கூடும் கூட்டத்துக்கு வந்தவர்களே போதும் என எழுதிவிட்டால் இம்முடிச்சு அவிழும்.

அடுத்தது கைமாற்றம். “செயற்குழு ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்படும்” என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள். நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: “புதிய செயற்குழு பொறுப்பேற்கும்வரை பழைய செயற்குழு அன்றாடக் கருமங்களை மாத்திரம் ஆற்றலாம், புதிய செலவுகளை அங்கீகரிக்கலாகாது. பதவிக்காலம் முடிந்து அறுபது நாட்களுக்குள் தேர்தல் நடைபெறாவிடின், பெரும்பொருளாளர் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம்.”

ஆனால் அந்தப் பெரும்பொருளாளரே இல்லாமற்போவதும் உண்டு. பல சங்கங்களில் அப்பதவியை வகிப்பவர் ஒரு விரிவுரையாளர். வங்கிக் கணக்கில் அவரது கையொப்பமும் கட்டாயம். அவர் கலாநிதிப் பட்டத்துக்காகக் கற்கை விடுமுறையில் வெளிநாடு சென்றுவிட்டால், அனுசரணையாளர் தந்த பணம் கணக்கிலேயே முடங்கிவிடும். பின்னர் அவசரத்துக்கு ஒரு மாணவரின் சொந்தக் கணக்கினூடாகப் பணம் புழங்கத் தொடங்குகிறது. அதிலிருந்துதான் மோசடிக் குற்றச்சாட்டுகள் முளைக்கின்றன. பெரும்பொருளாளர் மூன்று மாதங்களுக்கு மேல் இல்லாதவிடத்துப் பீடாதிபதி பதிலாள் ஒருவரை நியமிக்கலாம் என்ற ஒரு வாக்கியம் இதைத் தடுக்கும். கையொப்பதாரரை மாற்றும்போது வங்கிகள் வழமையாகக் கேட்பவை யாப்பின் உறுதிப்படுத்திய பிரதியும் நியமனத் தீர்மானம் அடங்கிய கூட்டறிக்கையுமே என்பதால், தெரிவு நடந்த அன்றே அத்தீர்மானத்தை எழுதி ஒப்பமிடுங்கள்.

2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தபோது சூம் வழியாகக் கூடிய சங்கங்கள் சிலவற்றின் தீர்மானங்கள் பிற்பாடு கேள்விக்குள்ளாயின. யாப்பு “சமுகமளித்தல்” என்று மட்டுமே கூறியிருந்தது. இணையவழிக் கூட்டத்தையும் வாக்களிப்பையும் வெளிப்படையாகவே அனுமதியுங்கள். மின்னஞ்சல் அறிவித்தல் போதுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

யாப்பு மும்மொழியிலும் இருக்குமாயின், முரண்பாடு எழும்போது எம்மொழிப் பிரதி மேலோங்கும் என்பதை முன்கூட்டியே குறிப்பிடுங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் திகதியும் முதற் பக்கத்தில் இருக்கட்டும். ஒப்பமிட்ட பிரதியொன்றை மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் உதவிப் பதிவாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.