அட்டாக் எண்ணிக்கை மட்டும் போதாது

திடீரென்று கடும் பயம் தாக்கும் 'பேனிக் அட்டாக்' திரும்பத் திரும்ப வரும் நோய்தான் பேனிக் டிஸார்டர். அதற்குச் சிகிச்சை எடுப்பவர்கள் பலர், "இந்த வாரம் ஒரு தடவைகூட வரலை டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். "வெளியே எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பஸ், லிஃப்ட், கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தால் அட்டாக் குறையத்தான் செய்யும். நோய் குறைந்திருக்காது.

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். அட்டாக் அடங்கியதும் தேதி, இடம், எத்தனை நிமிடம், உச்சத்தில் பயம் பத்துக்கு எவ்வளவு, 'ஹார்ட் அட்டாக்கோ' என்பதுபோல் அப்போது மனதில் ஓடிய எண்ணம் ஆகியவற்றை எழுதுங்கள். படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம் போன்ற அறிகுறிகளில் நான்கோ அதற்கு மேலோ திடீரென்று சேர்ந்து வந்தால்தான் முழு அட்டாக். முழு அட்டாக்குகள் சிறியவையாக மாறினால் அதுவும் முன்னேற்றமே. வெறும் எண்ணிக்கையில் இது தெரியாது.

இரவில் ஒரே ஒரு முறை, 'திரும்ப வந்துவிடுமோ' என்ற பயம் அன்று எவ்வளவு இருந்தது, எதைத் தவிர்த்தீர்கள், எங்கே துணையில்லாமல் போனீர்கள் என்று குறியுங்கள். பர்ஸில் அவசர மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், கதவோரச் சீட்டு இவற்றை நம்பிப் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். எங்களுக்கு மிகவும் பயன்படுவது இந்தப் பகுதிதான்.

மணிக்கொரு தரம் நாடி பார்ப்பதும், ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டுவதும், ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் கண்காணிப்பு அல்ல. உடம்பைச் சந்தேகிக்கும் பழக்கத்தைத்தான் அவை வளர்க்கும்.

சில வாரங்களுக்கு ஒருமுறை, இந்த நோயின் தீவிரத்தை அளக்கும் பிடிஎஸ்எஸ் என்ற அளவுகோலை நிரப்பலாம். 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28. அட்டாக்குடன் முன்பயம், தவிர்ப்பு, வேலை, உறவுகள் எல்லாம் அதில் வந்துவிடும்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை தொடங்கிய முதல் ஓரிரு வாரம் சிலருக்குப் பதற்றம் கூடும். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறோம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே சொல்ல வேண்டும். மாத்திரை விட்டுப்போன நாட்களையும் நோட்டில் குறியுங்கள்.

பயிற்சியாகத் திரும்பப் பஸ் ஏறும் வாரத்தில் எண்கள் உயரலாம். முந்தைய வாரம் ஏறவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சரியான அளவில் மாத்திரையோ ஒழுங்கான சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) பயிற்சியோ நடந்தும் ஆறு முதல் எட்டு வாரங்களாக நோட்டில் எதுவும் அசையவில்லை என்றால், அந்தப் பக்கங்களைக் காட்டி, "சிகிச்சையை மாற்றிப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.