ஜே.பி கடிதம் இருந்தால் பாதுகாவலர் ஆகிவிட முடியுமா?

இந்த மாதமும் ஒரு பாட்டி வந்தார். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கையில் லேமினேட் செய்த தாள் ஒன்று, அடியில் ஜே.பியின், அதாவது சமாதான நீதவானின், ஊதா முத்திரை. "என் பிள்ளையின் முழுப் பொறுப்பையும் என் தாயாரிடம் ஒப்படைக்கிறேன்" என்று மகள் குவைத் போகும் முன் கையெழுத்து வைத்தது. பேரனுக்கு அப்பா இறந்து வந்த பணத்தை எடுக்கப் போனால், வங்கியில் "நீங்க பாதுகாவலர் இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வங்கி மேல் கோபமில்லை, இந்தத் தாளே போதும் என்று அவரை நம்ப வைத்தவர் மேல்தான்.

சரி, திரும்பவும் சொல்கிறேன். பாட்டி கொண்டுவந்தது ஒரு சத்தியக் கடதாசி. அது நீங்கள் ஒன்றைச் சத்தியம் செய்து சொன்னதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பிள்ளையின் பாதுகாவலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் ஜே.பிக்கு இல்லை, கிராம சேவகருக்கு இல்லை, தோட்டத் துரைக்கும் இல்லை. காணியை உறுதி எழுதிக் கொடுப்பதுபோல் பிள்ளையை எழுதிக் கொடுக்க முடியாது. வெளிநாடு போக எடுத்த குடும்பப் பின்னணி அறிக்கையில் என் பெயர் இருக்கிறதே என்பார்கள். அது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற விவரம், நியமனம் இல்லை. அப்பா இறந்துவிட்டால் அம்மாதான் பாதுகாவலர், அவர் குவைத்தில் இருந்தாலும். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை அப்படித்தான். (1989 வரை 21. இன்னும் 21 என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு.)

நியமிப்பது மாவட்ட நீதிமன்றம். உறவினர் மனுப் போடலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளையின் சொத்தை நிர்வகிப்பதும் தனித்தனி விஷயங்கள், எது வேண்டும் என்று மனுவில் தெளிவாகக் கேட்க வேண்டும். நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை, உங்கள் பாசத்தை அல்ல. நியமனம் கிடைத்த பிறகும் பிள்ளையின் பெயரிலுள்ள காணியை நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்க முடியாது, விற்றால் பிள்ளை வளர்ந்ததும் வழக்குப் போடலாம்.

அப்புறம் ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மா லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, விவாகப் பதிவில் இலட்சுமி. மலையகத்தில் பாதிக் குடும்பங்களின் கதை இது, எங்கள் நேரமும் இதிலேயே போகிறது. தயவுசெய்து முதலில் இதைச் சரிபாருங்கள்.

கையில் காசில்லை என்றால் டவுனில் தரகரிடம் போகாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். வெளிநாடு போகப் போகிறவர் நாட்டில் இருக்கும்போதே வாருங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. பிளைட்டுக்கு முதல் நாள் இரவு போன் எடுத்தால் நான் என்ன செய்ய? நீதிமன்றத்தில் எல்லாவற்றுக்கும் தவணை, அதாவது குறித்த நாள், இருக்கிறது.