படியேறும்போது தளர்வது காலா, மூச்சா?

சென்னிமலை முருகனுக்கு 1320 படி. ஏறி இறங்கிவிட்டு மறுநாள் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் கெண்டைக்காலைத்தான் காட்டுவார்கள். மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டால், "அது எல்லாத்துக்கும் வாங்கறதுதானுங்க" என்பார்கள். மூச்சு விடவும் தசைதான் வேலை செய்கிறது, அதுவும் அசந்துபோகும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம்தான் மூச்சை உள்ளிழுப்பதில் முக்கியமான தசை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சுத் தசைகளுக்குப் பெரிய செலவில்லை. உச்ச வேகத்தில் ஓடும்போதோ, உடல் எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தை அவையே தின்றுவிடும். நம் உச்சத் திறனில் 80, 85 சதவீதத்துக்கு மேல் வைத்து, இனி முடியாது என்கிறவரை ஓடினால் உதரவிதானம் களைத்துவிடுகிறது. 'நல்லா இழுங்க' என்று சொல்லி இதை அளந்தால் ஆளின் மனசையும் சேர்த்து அளந்ததாகிவிடும். அதனால் கழுத்தில் இருக்கும் நரம்பைத் தூண்டிவிட்டு, அந்தத் தசை எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள். குறைந்த பலம் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

களைத்த உதரவிதானம் நரம்பு வழியாகச் செய்தி அனுப்புகிறது. உடனே காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கால் சீக்கிரம் தளர இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. ஒரே உயரமுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு நுரையீரல் சிறியது, மூச்சுக்குழாயும் குறுகியது. அதே அளவு காற்றை இழுத்துவிட அவர் கூடுதலாக உழைக்க வேண்டும். அதனால் முன்னாடியே இளைக்கும். பத்துப் படி மேலே நின்றுகொண்டு "உனக்கு ஸ்டாமினாவே இல்ல" என்று சொல்லும் கணவர்களுக்கு ஒரு தகவல்: கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு அளந்து பார்த்தால், சராசரியாக உதரவிதானம் அதிகம் களைத்திருப்பது ஆண்களுக்குத்தான். விலா, கழுத்துத் தசைகளும் வேலையில் பங்கெடுப்பதால் பெண்களின் உதரவிதானம் தாக்குப்பிடிக்கிறது என்பது ஒரு விளக்கம். காலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் அவர்களுக்குக் குறைவே.

ஆனால் முதல் மண்டபத்திலேயே மேல்மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு இந்த ஆறுதல் போதாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மூச்சுப் பயிற்சி கேட்டு வரும் பெண்களை நான் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கத்தான் அனுப்புவேன். ஸ்பின்னிங் மில் வேலைக்காரர்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: வார லீவு முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் பஞ்சுத் தூசியைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் அந்த மூணு பந்து கருவி. கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் கிடக்கிறது. அது ஆழமாக மூச்சிழுத்து நுரையீரலை விரிக்க உதவும், தசைக்கு வலு ஏற்றாது. வலு வேண்டுமென்றால் இழுக்கும்போது எதிர்ப்புத் தரும் கருவி வேறு இருக்கிறது. காலையில் 30, மாலையில் 30 இழுப்பு, நாலு முதல் ஆறு வாரம் என்பது வழக்கமான முறை. எதிர்ப்பை எவ்வளவு வைப்பது என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வருஷம் முழுக்கக் கடையில் உட்கார்ந்துவிட்டு நேராக வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஒரு மாதம் முன்பே படியேறிப் பழகுங்கள். மலையில், பக்கத்து ஆளோடு பேச முடிகிற வேகம் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலோ, உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் மூச்சு அடங்காவிட்டாலோ அது தசைக் களைப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மேலே ஏறாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள்.