சேஃப்டியும் செக்யூரிட்டியும்: பாதுகாப்பு என்னும் ஒரு சொல் போதுமா?

சென்ற மாதம் பாம்பனிலிருந்து ஒரு திருமண அழைப்பிதழின் மெய்ப்பு என்னிடம் வந்தது. மணமகளின் தந்தை என்னிடம் தமிழ் படித்தவர். இன்று இரண்டு விசைப்படகுகளுக்கு உரிமையாளர். பெயருக்குக் கீழே படிப்பையும் வேலையையும் அச்சிடுவது எங்கள் கரையோர வழக்கம் என்பதால், பெங்களூரில் பணிபுரியும் மகளின் பணிப்பெயரான ‘ஏஐ சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி பாலிசி மேனேஜர்’ என்பதை நல்ல தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குள் அச்சகத்தார் தாமாகவே ‘செயற்கை நுண்ணறிவு பாதுகாப்பு மற்றும் பாதுகாப்பு கொள்கை மேலாளர்’ என்று அடித்து அனுப்பியிருந்தார்கள். ஒரே சொல் இருமுறை வந்திருப்பதை அச்சுப்பிழை என்று கருதி, இரண்டாவது ‘பாதுகாப்பை’ நான் சிவப்பு மையால் அடித்தும் விட்டேன். அது பிழையன்று, இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நாம் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டிருப்பதன் நேரான விளைவு என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பணிப்பெயரைக் காதால் கேட்டபோது அவரவர் அனுபவத்திலிருந்து பொருள் கொண்டார்களாம். ‘செக்யூரிட்டி’ என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் விசிலோடு நிற்பவர், ‘பாலிசி’ என்றால் எல்ஐசி, ‘சேஃப்டி’ என்றால் ஊக்கு. மூன்றும் சிரிப்புக்கு உரியவைதாம் என்றாலும், ஒரு சொல் எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை அவை சரியாகவே காட்டுகின்றன.

ஆங்கிலத்தில் ‘சேஃப்’ என்பது, ஊறுபடாத, முழுமையான என்று பொருள்படும் ‘சால்வுஸ்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘செக்யூர்’ என்பதன் பிறப்பு வேறு. லத்தீனில் ‘சே’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. ஆகவே அது முதலில் குறித்தது கவலையற்ற மனநிலையை. பழைய ஆங்கிலப் பயன்பாட்டில் ‘செக்யூரிட்டி’ என்பது அசட்டையான நம்பிக்கை என்ற கெட்ட பொருளிலும் வழங்கியிருக்கிறது. ஒன்று உடம்பின் நிலையைச் சொல்ல, மற்றொன்று மனத்தின் நிலையைச் சொல்லியது. பிற்காலத்தில்தான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

இன்று அவை பிரியும் இடத்தைக் கடலோரத்தில் வாழ்பவருக்கு விளக்குவது எளிது. வாடைக்காற்று ஒரு வள்ளத்தைக் கவிழ்க்கும்போது அதற்கு யார்மீதும் பகை இல்லை. மிதவைச் சட்டையும், நல்ல பலகையும், வானிலை அறிந்து கரையில் தங்கும் பொறுமையும் அந்தத் தீங்குக்கு எதிரானவை, அவை ‘சேஃப்டி’. இரவில் துறையில் கட்டிய படகிலிருந்து வலையைத் திருடுபவனும், தடைசெய்யப்பட்ட கடல் அட்டையைக் கடத்துபவனும் வேறு வகை. அங்கே ஒரு மனிதனின் உள்நோக்கம் இருக்கிறது, அதற்கு எதிராக நிற்பது ‘செக்யூரிட்டி’. காற்றுக்கு நாம் ஒரு வழியை அடைத்தால் அது வேறு வழியைத் தேடி யோசிப்பதில்லை, திருடன் யோசிப்பான். இரண்டு துறைகளின் வேலைமுறையும் வேறுபட்டுப் போவதற்கு இதுவே காரணம்.

செயற்கை நுண்ணறிவிலும் அப்படியே. பெருந்திரளான தரவில் பயிற்சி பெற்று விடை சொல்லும் மென்பொருளை ‘மாடல்’ என்கிறார்கள். ஒரு மாடல் தவறான மருத்துவக் குறிப்பை முழு உறுதியோடு சொல்வது, கொடுத்த குறிக்கோளை நாம் நினைக்காத குறுக்குவழியில் நிறைவேற்றுவது, சோதிக்கப்படும்போது ஒருவிதமாகவும் மற்ற நேரத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது ஆகியவை அந்த இயந்திரத்திற்குள்ளிருந்தே எழும் தீங்குகள். பயிற்சியில் மாடல் கற்றதையெல்லாம் தாங்கியிருக்கும் எண்களை ஒருவர் திருடிச் செல்வது, பயிற்சிக்கான தரவில் வேண்டுமென்றே நஞ்சைக் கலப்பது, மாடல் படிக்கப்போகும் ஆவணத்துக்குள் அதை ஏமாற்றும் கட்டளையை ஒளித்துவைப்பது ஆகியவை வெளியிலிருந்து வரும் தாக்குதல்கள். நச்சுயிரியை உருவாக்கும் வழியை ஒரு தீயவன் மாடலிடம் கேட்டுப் பெறுவது எந்தப் பக்கம் சேரும் என்பதில் மட்டும் இரண்டு துறையாரும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

இந்த வேறுபாடு அகராதியோடு நிற்பதன்று என்பதற்கு ஒரு பெயர்மாற்றமே சான்று. 2023 நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் செயற்கை நுண்ணறிவு குறித்துக் கூடிய உச்சிமாநாட்டில் இந்தியா உள்ளிட்ட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் அறிக்கையை ஏற்றன. அதையொட்டிப் பிரிட்டன் அரசு ‘ஏஐ சேஃப்டி இன்ஸ்டிடியூட்’ என்ற அமைப்பை நிறுவியது. 2025 பிப்ரவரியில் அதன் பெயர் ‘ஏஐ செக்யூரிட்டி இன்ஸ்டிடியூட்’ என்று மாறியது. மாடல்களின் ஒருபக்கச் சார்பு, கருத்துரிமை போன்றவற்றை விட்டு, இணையத் தாக்குதல், உயிரி மற்றும் வேதி ஆயுதம், குற்றம் ஆகியவற்றின்மீதே கவனம் இருக்கும் என்று அப்போது கூறப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவும் தன் அமைப்பின் பெயரிலிருந்து ‘சேஃப்டி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, தரநிலைகளுக்கும் புத்தாக்கத்துக்குமான மையம் என்று மாற்றியது. பிரிட்டனின் மாற்றத்தை இன்றைய தமிழில் எழுதினால் ‘பாதுகாப்பு நிறுவனம், பாதுகாப்பு நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது’ என்றுதான் எழுதவேண்டும். ஓர் அரசின் கொள்கை திசைமாறியதை நம் மொழியில் படிப்பவர் அறியவே முடியாது.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு இப்படிச் சுமை ஏறியது நேற்று நடந்ததன்று. மீன்சந்தைக்கு வந்து கெட்ட மீனையும் இரசாயனம் கலந்த மீனையும் அழிக்கும் அலுவலர் உணவுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர். அவருக்கு அதிகாரம் தருவது 2006ஆம் ஆண்டுச் சட்டம். நியாயவிலைக் கடையில் அரிசி கிடைப்பதற்கான உரிமையைச் சொல்வது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். முன்னது உணவு நஞ்சாகாமல் இருப்பதையும் பின்னது உணவு இல்லாமல் போகாமல் இருப்பதையும் பேசுகின்றன, பெயர் ஒன்றே. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் எல்லை கடப்போரைத் தேட, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைப் பேணும் பணிக்கும் ‘பாதுகாப்பு’ என்றே பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது.

பழந்தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் இருந்தது. ‘ஏமம்’ என்றால் தீங்கிலிருந்து காக்கப்பட்ட நிலை. சினம் என்பது ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது 306ஆம் குறள். புணை என்பது தெப்பம், ஏமப்புணை கரைசேர்க்கும் தெப்பம். கடலோரத்தான் என்ற முறையில் ‘சேஃப்டி’க்கு இதைவிட நெருக்கமான உருவத்தை நான் கண்டதில்லை. ஆனால் நாட்டுக்கு அணியாகும் ஐந்தைச் சொல்லும் 738ஆம் குறளிலோ, அதே ஏமம் நாட்டின் காவலைக் குறிக்கிறது. ஆக, நம் பழைய சொல்லும் இரண்டையும் பிரிக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை, இன்று ‘ஏம’ என்று தொடங்கும் எந்தச் சொல்லைக் கேட்டாலும் ‘ஏமாற்று’ என்பதே காதில் விழும் என்பதாகும். பணிப்பெயரில் அதைப் போட்டால் மணமகள் வீட்டார் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

எனவே ‘பாதுகாப்பு’ என்ற சொல்லின் உள்ளேயே இருக்கும் ‘கா’ என்னும் வினையடிக்குத் திரும்பலாம் என்பது என் கருத்து. அதிலிருந்து ‘காப்பு’, ‘காவல்’ என்ற இரண்டு பெயர்கள் பிறந்து, இரண்டும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. திருவிழாவுக்குக் கொடியேறும்போது கையில் கட்டுவது காப்பு. குழந்தையின் கையில் போடுவது காப்பு. நூல் தொடங்கும் முன் இடையூறு வராதிருக்கப் பாடுவது காப்புச் செய்யுள். அது காக்கப்படும் பொருளின் உடம்போடு சேர்ந்தது, வேலை தொடங்கும் முன்பே செய்யப்படுவது. காவலோ வெளியே நின்று வருபவனைப் பார்ப்பது. காவல் நிலையம், ஊர்க்காவல், எல்லையில் நிற்கும் காவல் தெய்வம் எல்லாம் அவ்வகை. இராமநாதபுரத்துச் சேதுபதிகள் ‘சேதுகாவலர்’ எனப்பட்டார்களே தவிர, சேதுகாப்பர் எனப்படவில்லை. மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் கடலோரக் காவல்படையின் பெயரிலும் சரியான சொல்லே அமர்ந்திருக்கிறது. மாடலுக்குள்ளேயே கட்டப்படுவது காப்பு, மாடலைச் சுற்றி நிற்பது காவல் என்று கொண்டால், ‘சேஃப்டி’க்குக் காப்பும் ‘செக்யூரிட்டி’க்குக் காவலும் பெருமளவு பொருந்தும்.

குறையும் உண்டு. ‘காப்பு’ என்றதும் காப்பீடு நினைவுக்கு வரும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் ‘காப்புறுதி’ என்ற அந்நாட்டு வழக்கும் நினைவுக்கு வரும். அதனோடு ‘பாலிசி’ சேர்ந்தால் எல்ஐசி ஐயம் இரட்டிப்பாகும்.

அந்த ஐயத்துக்கு மூலகாரணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே ‘பாலிசி’ என்பவை உண்மையில் இரண்டு சொற்கள். காப்பீட்டுப் பத்திரத்தைக் குறிப்பது, சான்று என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. அரசின் பாலிசி, நகரத்தையும் ஆட்சியையும் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘போலீஸ்’ அதன் உடன்பிறப்பு. தமிழில் முன்னதைப் பத்திரம் என்றும் பின்னதைக் கொள்கை என்றும் பிரித்துவிட்டதால் நாம் ஆங்கிலேயரைவிடத் தெளிவாகவே இருக்கிறோம்.

‘கொள்கை’ என்பது கொள் என்பதிலிருந்து பிறந்தது. ஒருவர் மேற்கொண்டு விடாமல் பிடித்திருப்பது. ‘குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்’ என்னும் 1019ஆம் குறளில் அதற்கு ஒழுக்கம் என்று பொருள். தற்காலத்தில் அரசியல் கட்சிகள் அதை எடுத்துக்கொண்டதால், ‘கொள்கை மேலாளர்’ என்று அச்சிட்டால் கொள்கை பரப்புச் செயலாளருக்கு அடுத்த பதவி போலத் தோன்றும். ஆனால் இங்கே பாலிசி என்பது நம்பிக்கையைக் குறிக்கவில்லை, முன்கூட்டியே செய்து வைத்த முடிவைக் குறிக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டை நினைத்துப் பார்க்கலாம். எண் 1 முதல் 11 வரை அதற்குப் பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குச் செல்லும் டோக்கனை நிறுத்திவிடும். அளப்பவர் ஒருவர், அறிவிப்பவர் ஒருவர், தடுப்பவர் ஒருவர். எந்த அளவில் யார் என்ன செய்யவேண்டும் என்பது காற்று எழுந்த பிறகு துறைமுகத்தில் நின்று விவாதிக்கப்படுவதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை இழந்த கரைக்கு இந்த ஒழுங்கின் விலை தெரியும். 2024 மே மாதத்தில், பிளெட்ச்லியின் தொடர்ச்சியாகக் கூடிய சியோல் உச்சிமாநாட்டையொட்டி 16 செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ஏற்ற உறுதிமொழியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: எந்த அளவுக்கு மேல் தம் மாடலின் ஆபத்து பொறுக்கத்தகாதது என்பதை முன்னரே வரையறுத்து வெளியிடுவோம், அந்த எல்லைக்குள் அதை அடக்க முடியாவிட்டால் உருவாக்கவோ வெளியிடவோ மாட்டோம் என்பது. கூண்டுகளில் கடைசி எண்ணான 11 பெரும்புயலைக் குறிப்பதன்று, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. மாடல் என்ன செய்யவல்லது என்று அளக்கும் வழியே இல்லாத நிலைக்கும் ஓர் எண் வேண்டும் என்று மணமகளிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

‘மேனேஜர்’ என்பதில் அதிகம் தயங்கவேண்டியதில்லை. லத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இத்தாலியில் குதிரையைப் பழக்கிக் கையாள்வதற்கு வழங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் இறங்கிய கரையில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. நம்முடைய ‘கையாள்’ என்பதும் கையையே கொண்டிருக்கிறது. ‘மேலாளர்’ வங்கியிலிருந்து எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் அது படகு முதலாளியான சம்மாட்டியைப் போல உரிமையும் அதிகாரமும் உடையவரை நினைவூட்டுகிறது; இந்தப் பெண்ணோ அரசின் சட்ட வரைவுகளைப் படித்துக் கருத்து எழுதுகிறார், சோதிப்பவர்கள் கண்டதை முடிவெடுப்பவர்களுக்குப் புரியும்படி சொல்கிறார், யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வைக்கிறார். அதனால் ‘கொள்கை மேலாளர்’ என்பதற்கு நடுவே ‘பணி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். கட்சிப் பதவி என்ற ஐயமும் அதோடு ஓரளவு விலகும்.

‘சேஃப்’ என்னும் அடைமொழிக்கு மட்டும் காப்பு, காவல் என்ற என் சொல்லிணை உதவவில்லை. தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையின் ஆங்கிலப் பெயரில் ‘சேஃப் அண்ட் எத்திக்கல்’ என்று வருகிறது. ‘காப்பான’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ‘பாதுகாப்பான’ என்பதையே வைத்துக்கொள்ளலாம், அல்லது பொருள் நோக்கி ‘ஊறு விளைக்காத’ என்று எழுதலாம்.

மணமகள் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, ரெண்டுக்கும் நடுவுல ‘மற்றும்’ வேணாமா?” வேண்டியதில்லை. ‘இராப்பகல்’, ‘தாய்தந்தை’ என்று உம்மையை மறைத்தே இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்வது தமிழின் வழக்கம். மெய்ப்பில் நான் அடித்திருந்த வரிக்கு மேலே ‘செயற்கை நுண்ணறிவுக் காப்பு-காவல் கொள்கைப்பணி மேலாளர்’ என்று எழுதி அனுப்பினேன். அச்சகத்தார் எழுத்தளவை ஒரு புள்ளி குறைத்து, அதை ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள்.