குடு மான் வேட்டைக்குப் போன தம்பதியும் மிளகளவு உண்ணியும்

"டாக்டர், என்னைச் சிலந்தி கடித்துவிட்டது" என்றபடியே உள்ளே வந்தார் கணவர். கால்சட்டையைச் சுருட்டி வலது முழங்காலின் பின்புறத்தைக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கரும்பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த வளையம். மனைவி எதுவும் சொல்லவில்லை. ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. கணவருக்குக் காய்ச்சல் வந்ததால் அவர் தன்னுடையதைச் சொல்லவே இல்லையாம்.

ஜோஹன்னஸ்பர்க்கில் பொது மருத்துவராக இருக்கிறேன். மழைக்காலம் முடிந்து புல் காயத் தொடங்கும் ஏப்ரல் கடைசியிலிருந்து, வேட்டைக்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மருத்துவமனைக்கும் வரத் தொடங்குவார்கள். துப்பாக்கிக் காயம் என்று ஒருவரும் வந்ததில்லை. சிங்கம் அடித்தது என்றும் வந்ததில்லை. பெரும்பாலும் காய்ச்சல்தான்; அதுவும் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள். இந்தத் தம்பதியும் அப்படித்தான். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயில் எதையும் மாற்றவில்லை.

வேட்டைக்காரர்கள் ஆப்பிரிக்க விலங்குகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் எல்லாம் 'ஆபத்தான விலங்குகள்'. மான் வகைகளான குடு, இம்பாலா, ஜெம்ஸ்பொக், வில்டபீஸ்ட், பிறகு வரிக்குதிரை, காட்டுப்பன்றி இனமான வார்ட்ஹாக் போன்றவை 'சமவெளி விலங்குகள்'. முதல் முறை வருகிறவர்களுக்கும் தம்பதிகளுக்கும் இரண்டாவது வகைதான் பரிந்துரைக்கப்படும். செலவு குறைவு, பாய்ந்து வந்து கொல்லும் மிருகம் எதுவும் பட்டியலில் இல்லை. மனைவி சுடாமல் கூடவே நடந்து புகைப்படம் எடுக்கலாம். இவர்களும் லிம்போபோ மாகாணத்தில், முசினா பக்கம் ஒரு தனியார் பண்ணையில் எட்டு நாள் தங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். தென்னாப்பிரிக்காவில் முறையாக வேலி போட்டு அனுமதி வாங்கிய பண்ணையில் இருக்கும் காட்டு விலங்கு அந்த உரிமையாளரின் சொத்து. 1991இல் வந்த சட்டம் அதை உறுதிசெய்தது. வெளிநாட்டவர் வேட்டையாட வேண்டுமானால் பதிவுபெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எனக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் காய்ச்சலோடு வந்தவரிடம் அதை விவாதிப்பது என் வேலை அல்ல.

நான் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி சிலந்தியைப் பற்றியது அல்ல. "மலேரியா மாத்திரை சாப்பிட்டீர்களா?" கணவர் சாப்பிட்டிருக்கிறார், மனைவி வயிற்றைப் புரட்டுகிறது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். லிம்போபோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் செப்டம்பர் முதல் மே வரை மலேரியா உண்டு. அதில் பெரும்பாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. ஆகவே உடம்பில் எத்தனை கரும்பொருக்கு இருந்தாலும், பார்த்தவுடனே விடை தெரிந்துவிட்டதுபோல் இருந்தாலும், அந்தப் பக்கம் போய்வந்த காய்ச்சலுக்கு முதல் பரிசோதனை மலேரியாவுக்குத்தான். ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் போதாது. திரும்பவும் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் சேர்ந்து வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது கேள்வி: "தோல் உரிக்கும் கொட்டகைக்குள் போனீர்களா?" கணவர் உற்சாகமாகத் தலையாட்டினார். தான் சுட்ட குடு மானைத் தானே உரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கையுறை இல்லாமல் பணியாளர்களோடு நின்று வேலை செய்திருக்கிறார். அதைக் கேட்டதும் ரத்தம் எடுக்க ஊசியோடு வந்த செவிலியரை நிறுத்தி, முழுப் பாதுகாப்பு உடை போட்டுக்கொள்ளச் சொன்னேன். கணவரின் முகம் மாறியது.

காரணம், கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். இந்த நாட்டில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது 1981இல். உண்ணி கடித்தும் வரும். தொற்றிய விலங்கின் ரத்தம் கையில் பட்டும் வரும். 1996இல் ஊட்ஸ்ஹோர்னில் நெருப்புக்கோழி வெட்டும் கூடத்தில் வேலை செய்த பலருக்கு வந்தது. மிக அரிய நோய்தான். ஆனால் நோயாளியின் ரத்தம் மருத்துவப் பணியாளரையும் தொற்றும் என்பதால், முதல் ஊசியைக் குத்தும் முன்பே நினைவுக்கு வரவேண்டிய நோய். இருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை, ஈறு சுத்தமாக இருந்தது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சற்றே குறைந்திருந்தனவே தவிர அபாயத்தில் இல்லை. அன்று மாலைக்குள் அந்தப் பயம் விலகியது.

அதற்குள் எங்கள் மூத்த செவிலியர் விடையைச் சொல்லிவிட்டார். அவர் லிம்போபோக்காரர். கணவரின் காலை ஒரு முறை பார்த்துவிட்டு, "போஸ்லூயிஸ்கூர்ஸ்" என்றார். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் உண்ணிக் காய்ச்சல். 'போஸ்லூயிஸ்' என்றால் உண்ணி. சொல்லைப் பிரித்தால் 'புதர்ப் பேன்'. பிறகு மனைவியைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். திரும்பி வந்து நான்கு விரல்களைக் காட்டினார்.

நான்கு கரும்பொருக்குகள். ஒன்று இடுப்புப் பட்டைக்குக் கீழே, இரண்டு தொடை இடுக்கில், ஒன்று கெண்டைக்காலில். தொடை இடுக்கில் நெறி கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. துப்பாக்கியைத் தொடாதவருக்கு நான்கு, சுட்டவருக்கு ஒன்று. விசாரித்தபோது காரணம் புரிந்தது. தடம் பார்க்கிறவர்களும் கணவரும் குடு மானை நெருங்கும்போது சத்தம் கூடாது என்று இவரை ஒரு மர நிழலில் உட்காரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல். நண்பகலில் மான்களும் மாடுகளும் படுத்திருந்து எழுந்துபோகும் அதே நிழல்.

தென்னாப்பிரிக்காவின் வடக்கிலும் கிழக்கிலும் 'பொண்ட்' உண்ணி என்று ஒன்று உண்டு. பொண்ட் என்றால் பலநிறம். வளர்ந்த உண்ணியின் முதுகில் வண்ணக் கோலமே இருக்கும். உண்ணிகளில் காத்துக்கிடக்கும் ரகம் உண்டு. இது தேடி வரும் ரகம். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உணர்ந்து, சருகுகளுக்கு அடியிலிருந்து எழுந்து நம்மை நோக்கி ஓடிவரும். அதன் குஞ்சுகள் மிளகுத்தூளைத் தூவியதுபோலப் புல்நுனியில் கூட்டமாகத் தொங்கும். இங்கே அவற்றுக்குப் பெயரே 'மிளகு உண்ணி'. ஒரு புல்லை உரசினால் ஐம்பது நூறு ஏறிவிடும். நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுவதால், யாரையும் இதுவரை கடிக்காத குஞ்சுகூட நோயைக் கொடுக்கும். கடிக்கும்போது வலிக்காது. மனைவி தன் கணுக்காலில் 'அழுக்கு' ஒட்டியிருந்ததாகவும் ஈரத்துணியால் துடைத்ததாகவும் சொன்னார். அந்த அழுக்குக்குக் கால்கள் இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குக் கரும்பொருக்கு புதிதல்ல. செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸிலும் இதே பொருக்குதான். (அதைப் பரப்புவது உண்மையில் உண்ணியல்ல, அதைவிடச் சிறிய ஒட்டுண்ணிப் பூச்சியின் குஞ்சு. பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது.) நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது என் பேராசிரியர், காய்ச்சல் நோயாளியின் அக்குளையும் தொடை இடுக்கையும் பார்க்காமல் வார்டு சுற்றுக்கு வருகிறவர்களை வெளியே அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் உதவுகிறது. ஸ்க்ரப் டைபஸில் வழக்கமாக ஒரு பொருக்கு இருக்கும். ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். பல கரும்பொருக்கு, பிடரி வலி, நெறிகட்டு, கடித்து ஐந்து முதல் பத்து நாளில் காய்ச்சல்: இவை சேர்ந்து வந்தால் சிலந்தியை மறந்துவிடலாம். இங்கே சிலந்தி மேல் விழும் பழியில் பாதி உண்ணிக்குச் சேரவேண்டியது என்பது என் அனுபவம். பண்ணைக்கு அருகில் யாரோ ஒரு மருத்துவர் அதே சிலந்திக் கணக்கில்தான் கணவருக்கு அமாக்ஸிசிலின் கொடுத்திருந்தார். இந்தக் கிருமியிடம் அந்த மருந்து செல்லுபடியாகாது.

கிருமியின் பெயர் ரிக்கெட்சியா ஆஃப்ரிக்கே. 1930களிலேயே பிரிட்டோரியாவில் ஆட்ரியானுஸ் பைப்பர் என்ற மருத்துவர், நகரத்தில் நாய் உண்ணியால் வரும் காய்ச்சலும் காட்டுவெளியில் வரும் மிதமான காய்ச்சலும் வேறு வேறு என்று சொன்னார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜிம்பாப்வேயில் ஒரு நோயாளியிடமிருந்து இந்தக் கிருமி பிரித்தெடுக்கப்பட்டு 1992இல் செய்தி வெளியான பிறகே அவர் சொன்னது சரியென்று ஆனது. நார்வேயிலிருந்து ஆப்பிரிக்கக் கிராமப்புறங்களுக்குப் போன 940 பயணிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். 38 பேருக்கு இந்த நோய் உறுதியானது. ஆபத்தை அதிகமாக்கிய காரணங்களில் வேட்டையும் ஒன்று, தென்பகுதிக்குப் போனதும் ஒன்று. மலேரியாவுக்குப் பயந்து மாத்திரை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்த நோயின் பெயரையாவது கேட்டிருப்பார்கள்?

பண்ணையில் தடம் பார்ப்பவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கணவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். அதனால்தான் பண்ணை ஆட்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை விருந்தாளிகள் தங்களுக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது.

மருத்துவம் எளிது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. ஆகவே மருந்தை ஆரம்பித்துவிட்டு, பொருக்கின் அடியில் துடைத்தெடுத்த மாதிரியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பாலோடும் அமில எதிர்ப்பு மருந்தோடும் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த நோயால் இறப்பு என்பது கேள்விப்படாத விஷயம். ஆனால் நாய் உண்ணியால் வரும் அதன் பங்காளி நோய் ஆளைக் கொல்லக்கூடியது. ஆரம்பத்தில் இரண்டையும் பிரித்தறிய எப்போதும் முடியாது என்பதால்தான் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறோம்.

வேட்டைக்கோ, நடந்து விலங்கு பார்க்கவோ, மாட்டுப் பண்ணை வேலைக்கோ இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காரைவிட்டு இறங்காமல் க்ரூகர் பூங்காவைச் சுற்றிப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. நடப்பவர்கள் கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் திணித்துக்கொள்ளுங்கள்; அழகாக இருக்காது. உடைகளில் முன்பே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவையுங்கள், தோலில் டீட் என்ற பூச்சிவிரட்டியைப் பூசுங்கள். டீட் சில மணி நேரத்தில் வலுவிழக்கும், திரும்பப் பூச வேண்டும். மாலையில் குளிக்கும்போது ஒருவர் உடம்பை ஒருவர் பாருங்கள். தம்பதியாகப் போவதில் இது ஒரு வசதி: முழங்கால் பின்புறமும் முதுகும் தன் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய், புகையிலை எதுவும் வேண்டாம். என் பாட்டி மாட்டிலிருந்து எடுத்த உண்ணியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவார். இங்கே அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தோல் உரிக்கும் கொட்டகையில் கையுறை போடுங்கள். அதை வீரக்குறைவாக நினைக்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் கை ரத்தத்தில் நனைய வேண்டியதில்லை.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காலை மனைவியால் தலையைத் திருப்ப முடிந்தது. விமானத்தை நான்கு நாள் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கிளம்பும்போது கணவர், அடுத்த வருடம் நமீபியா போகலாம் என்று இருக்கிறோம், அங்கே வறண்ட நிலம், இந்த உண்ணி இருக்காது இல்லையா என்று கேட்டார். குறைவுதான் என்றேன். ஆனால் நமீபியாவில் குடு மானுக்கு ரேபிஸ் வரும். 1970களின் பிற்பகுதியிலிருந்து அலை அலையாக வந்து ஆயிரக்கணக்கில் செத்திருக்கின்றன. மனிதரைக் கண்டு ஓடாமல், வாயில் நுரையோடு, வீட்டு முற்றத்துக்கே வந்து நிற்கும். அப்படி 'சாதுவாக' நிற்கும் மானைச் சுடுவதும் தொடுவதும் கூடாது, போகும் முன் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மனைவி என்னைப் பார்த்து, "நாங்கள் படகில் போய் மீன் பிடிக்கிறோம், டாக்டர்" என்றார்.

மரபணுச் சோதனை முடிவு அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. ரிக்கெட்சியா ஆஃப்ரிக்கே, இருவருக்கும். மின்னஞ்சலில் அனுப்பினேன். பதிலில், குடு மானின் கொம்புகள் இன்னும் கப்பலேறவில்லை என்று எழுதியிருந்தார் கணவர்.