மருந்துப்போலியும் போலி மருந்தும்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் உடன்பிறந்த ஆச்சி ஒரு தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய்க்கான மூலிகைக் குடிநீர் ஒன்றை ஆராய்கிறவர்கள், பங்கேற்க விரும்புவோரிடம் கையொப்பம் பெறுவதற்காகத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்த ஒப்புதல் படிவம் அது. "தங்களுக்கு உண்மை மருந்தோ போலி மருந்தோ வழங்கப்படலாம்" என்ற வரியில் விரலை வைத்து, "ஏன் தம்பி, போலி மருந்து குடுக்கப் போறோம்னு அவுகளே எழுதிக் கையெழுத்தும் கேக்குறாகளே, இது என்ன நியாயம்?" என்றார். ஆய்வில் ஒப்பீட்டுக்காகத் தரப்படும் சரக்கில்லாத மருந்தைக் குறிக்கும் பிளாசிபோ என்ற ஆங்கில வழக்குச் சொல்லுக்குப் போலி மருந்து என்று எழுதுவதை நாளிதழ்களிலும் தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சிகளிலும் பல முறை கண்டு சகித்திருக்கிறேன். நோயாளியின் கைக்கே அது வந்து சேர்ந்த பிறகு சும்மா இருப்பது சரியில்லை.

பிளாசிபோ இலத்தீன் சொல்; 'நான் மகிழ்விப்பேன்' என்பது அதன் நேர்ப்பொருள். விவிலியத்தின் 116ஆம் சங்கீதம், ஒன்பதாம் வசனத்தின் இலத்தீன் வடிவம் இச்சொல்லுடன் தொடங்குகிறது. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது 'நடப்பேன்' என்பதே. தமிழ் விவிலியமும் அப்படித்தான் கொண்டிருக்கிறது. ஆக, இச்சொல் மருத்துவத்துக்குள் வருமுன்பே மொழிபெயர்ப்பில் ஒரு முறை தடம் மாறியது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவர்களுக்கான வழிபாட்டில் இவ்வசனம் பாடப்பட்டது. உறவே இல்லாதவர்கள் விருந்துக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு வந்து பாடியதால், கூலிக்கு மாரடிப்பவர் என்ற நிறம் இச்சொல்லில் ஏறியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவ அகராதிக்குள் நுழைந்து, குணப்படுத்துவதைவிட நோயாளியைத் திருப்திப்படுத்தவே தரப்படும் மருந்தைக் குறித்தது. இன்றைய ஆய்வில், செயல்படும் சரக்கு எதுவுமில்லாமல், சோதிக்கப்படும் மருந்தைப் போலவே தோன்றும்படி செய்து ஒப்பீட்டுக்காகத் தரப்படுவது பிளாசிபோ. வரலாறு இவ்வளவு போதும்.

போலி மருந்து என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே உறுதியான பொருள் ஒன்று உண்டு. போலிப் பத்திரம், போலிச் சாவி, போலி மருத்துவர் என்ற வரிசையில் அது நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் 17பி பிரிவு, வேறொருவரின் பெயரைத் திருடி விற்கப்படுவன முதலியவற்றைப் போலி மருந்து என வரையறுக்கிறது. அத்தகைய மருந்தால் உயிரிழப்போ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம். சிறைக்கு அனுப்பும் குற்றத்தின் பெயரையே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று நடக்கும் ஆய்வின் ஒரு பகுதிக்கும் சூட்டினால், படிப்பவர் பயப்படாமல் என்ன செய்வார்? ஆச்சியின் கேள்வியில் பிழையே இல்லை. பிழை முழுவதும் எழுதியவருடையது.

சரியான சொல் வெகுதொலைவில் இல்லை. இரண்டு சொற்களும் இடம் மாறி நின்றால் போதும். மருந்துப்போலி. இதைச் சொன்னால், "இரண்டும் ஒன்றுதானே, எது முன்னே வந்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் நன்னூலைத் தொட்டவர்கள்கூட இப்படிக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. பந்தல் பந்தர் ஆவதும் முகம் முகன் ஆவதும் போலி என்றே நாம் படித்தோம். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் கெடாததற்கு அங்கே அப்பெயர். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. இன்னும் பொருத்தமான சான்று இலக்கணப்போலி. இல்லின் முன் என்பதை முன்றில் என்கிறோம். இலக்கணம் அமைந்த வடிவம் அதுவன்று, ஆயினும் அமைந்ததைப் போலவே ஏற்கப்படுவதால் இலக்கணப்போலி. இதையே போலி இலக்கணம் என்று திருப்பிப் பாருங்கள்: யாரோ ஏமாற்றுவதற்காக எழுதிவைத்த கள்ள இலக்கணம் என்று பொருள்படும். போலி முன்னே நின்றால் பழி, பின்னே நின்றால் ஒப்புமை. போல் என்ற வினையடியிலிருந்து பிறந்த சொல், பின்னே நிற்கும்போதுதான் தன் பிறப்புப் பொருளைக் காக்கிறது. பருப்புப் போலிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; கேட்பதற்கு எப்போதும் ஒருவர் இருப்பார்.

இந்த ஒப்புமைதான் ஆய்வின் உயிரும்கூட. மாத்திரையாக இருந்தால் மாவுப்பொருளையோ லாக்டோசையோ அதே நிறத்திலும் எடையிலும் வார்த்துவிடலாம். நிலவேம்புக் குடிநீருக்கு அப்படிச் செய்ய முடியுமா? ஒரு மிடறு உள்ளே போனதும், இது எது என்று நாக்கே சொல்லிவிடும். கசப்பு வேண்டுமென்று இன்னொரு மூலிகையைச் சேர்த்தால், அதுவே உடலில் ஏதேனும் செய்துவைக்கலாம். பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? நிறம், மணம், சுவை, கொதிக்கும்போது எழும் நுரை வரை மருந்தைப் போலிருந்தும் மருந்தாகாத ஒன்றைச் செய்வது மூலிகை ஆய்வாளர்களுக்குத் தீராத தலைவலி. அவர்கள் பாடுபட்டு உண்டாக்கும் பொருளின் முழு இலக்கணமும் போலி என்ற ஈற்றில் அடங்கியிருக்கிறது.

ஏமாற்று இல்லாமலும் மருந்துப்போலி இயங்கும் என்பது இன்னொரு காரணம். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குடல் எரிச்சல் நோய்க்குறி உடைய 80 பேரில் ஒரு பிரிவினருக்கு, இதில் மருந்துச் சரக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை தரப்பட்டது. மூன்று வாரங்களில் அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் உண்டென்றனர். எதுவும் பெறாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 35 விழுக்காட்டினர். உள்ளதைச் சொல்லிக் கொடுத்த ஒன்றை எந்த நாவால் போலி மருந்து என்பது?

வெற்று மருந்து என்பாரும் உண்டு. போலி மருந்தை விட அது மேல் என்றாலும், ஒன்றுமற்றது என்று சொல்லிவிட்டு மறுவரியில் வெற்று மருந்தின் விளைவு என்று எழுத நேரும்போது சொல் தானே இடறும்; தோற்ற ஒற்றுமையையும் அது தெரிவிப்பதில்லை. ஆறுதல் மருந்து என்பது இலத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு இன்றைய பயனை விட்டுவிட்டது. ஆய்வில் யாரும் யாருக்கும் ஆறுதல் தருவதில்லை. கேட்டால் பள்ளி ஆண்டுவிழாவின் ஆறுதல் பரிசுதான் நினைவுக்கு வருகிறது. பிளாசிபோ என்றே தமிழ் எழுத்தில் எழுதலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. புரியாத சொல் தவறான சொல்லை விடப் பாதுகாப்பானது.

அதே படிவத்தின் அடுத்த பக்கத்தில் 'இரட்டைக் குருட்டு ஆய்வு' வேறு. யார் எதை உட்கொள்கிறார் என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து நடத்துவதை இருமுனை மறைப்பு ஆய்வு என்றால் ஆயிற்று. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், தாங்கள் எழுதியதை ஒரு முறையேனும் வீட்டுப் பெரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டியிருந்தால் இது அச்சுக்கே போயிருக்காது.

மருந்துப்போலி என்று மட்டும் எழுதினாலும் ஆச்சிக்கு உடனே விளங்கியிராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் வேண்டும். படிவத்தின் பின்புறத்தில், "மருந்துச் சரக்கு ஏதும் சேராத, ஆனால் பார்வைக்கும் சுவைக்கும் அந்த மருந்தைப் போலவே இருக்கும் குடிநீர், உங்களுக்கு இரண்டில் எது கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்" என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். ஆச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப அதுவும் கசக்கும்ல?" என்று கேட்டார்.