நுண்ணறிவைச் சேகரிக்க முடியுமா?

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராடெஜிக் இண்டெலிஜென்ஸ் கலெக்‌ஷன்’ என்பதை ‘மூலோபாய நுண்ணறிவு சேகரிப்பு’ என்று தமிழாக்கித் தலைப்பிட்டு ஆய்வுக்கட்டுரைக்குத் திட்டம் போடுகிறார்கள். மூன்று சொல்லும் பிழை; நடுவில் இருப்பது பெரும்பிழை.

இண்டெலிஜென்ஸ் என்பதன் இலத்தீன் வேருக்கு, பலவற்றுள் தேர்ந்து அறிதல் என்று பொருள். பிற்பாடு ஆங்கிலத்தில் அது அறிவுத்திறனையும் குறித்தது, எதிரியைப் பற்றிய செய்தியையும் குறித்தது. அங்கே சொல் ஒன்று, பொருள் இரண்டு. நமக்கு முதலாவதற்கு நுண்ணறிவு, இரண்டாவதற்கு உளவு. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் வருவதுதான் இந்தக் கூத்து.

நுண்ணறிவு மூளையின் தன்மை. ஒருவருக்கு இருக்கும், இல்லாமல் போகும். கோணியில் அள்ளிவர முடியாது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் கணினிதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் நுண்ணறிவுப் பிரிவு இருக்கிறதே என்பார்கள். பெயர்ப்பலகையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அங்கிருந்து வரும் தகவலை மக்கள் உளவுத் தகவல் என்றுதானே சொல்கிறார்கள்!

புலனாய்வு என்பார் இன்னொரு சாரார். இலங்கையில் அரச புலனாய்வுச் சேவையும் உண்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல். நடந்த குற்றத்தைத் துருவுவது புலனாய்வு. நடக்கப்போவதை முன்கூட்டி அறியப் பார்ப்பது உளவு. கட்டுரையில் இவை கலந்தால் ஆய்வுக்கேள்வியே திசைமாறும்.

குறளில் ஒற்றாடல் என்று தனி அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் தந்த பொருளையும் ‘மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்கிறது 588ஆம் குறள். உளவைக் குறிக்க ‘ஒற்று’ நல்ல சொல்தான். ஆனால் இன்று ‘ஒற்றுத் திரட்டல்’ என்று எழுதினால் வல்லினம் மிகும் இடங்களைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே உளவுதான். உளவு என்றால் கள்ளத்தனம் தொனிக்கிறதே, செய்தித்தாளும் வானொலியும் அதில் அடங்குமா என்று கேட்கலாம். ‘வெளிப்படை வழி உளவு’ என்று அடை சேர்த்தால் தீர்ந்தது.

சொல் சரியாக இருந்தால் திட்டமும் சரியாகும். சோவியத் ஒன்றியம் கியூபாவில் இரகசியமாக அணு ஏவுகணைகளை வைத்த 1962ஆம் ஆண்டு நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 19 அன்று அமெரிக்க மதிப்பீட்டாளர்கள், சோவியத் அங்கே ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைக்காது என்றே கணித்தார்கள். அது ஆய்வில் நேர்ந்த பிழை. விமானம் சுட்டு வீழ்த்தப்படும் என்ற அச்சத்தாலும் மேகமூட்டத்தாலும், செப்டம்பர் 5க்குப் பிறகு ஐந்து வாரத்துக்கு மேல் மேற்குக் கியூபாவின் உட்பகுதிமேல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் பறக்கவில்லை. அது திரட்டலில் விழுந்த ஓட்டை. அக்டோபர் 14இல் ஒரே பறப்பில் 928 படங்கள் கிடைத்தன. மறுநாள் அவற்றை மேசையில் பரப்பி, நீண்ட உருளைகளின் அளவைக் கணக்கிட்டு, மாஸ்கோ அணிவகுப்பில் எடுத்த ஏவுகணைப் படங்களோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் விளங்கியது. விமானம் கொண்டுவந்தது உளவு. நுண்ணறிவு மேசையருகே நின்றவர்களிடம் இருந்தது. ‘நுண்ணறிவு சேகரிப்பு’ என்று எழுதுகிறவர் இந்த இரண்டு பிழைகளையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுக் குழப்புவார்.

மூலோபாயம் பலர் வாயில் நுழையாது, நுழைந்தாலும் விளங்காது. அதற்கு உத்திநிலை என்பதே போதும். நாட்டின் நெடுநாள் முடிவுக்கு உதவுவது உத்திநிலை உளவு; படைத்தலைவனின் நாளைய நகர்வுக்கு உதவுவது களநிலை உளவு. முன்னுரையிலேயே இந்தக் கோட்டைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் செயற்கைக்கோளும் எல்லைக் காவல்சாவடியும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

சேகரிப்பு என்பதும் அஞ்சல்தலைக்குத்தான் பொருந்தும். இங்கே எது தேவை, எந்த வழியில், எந்த நாளுக்குள் என்று முடிவுசெய்து ஆளையோ கருவியையோ ஏவுவதும் சேர்ந்தது. திரட்டல் என்பதே தகும். தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘உத்திநிலை உளவு திரட்டல்: கியூபா, 1962 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை’. இந்தத் தலைப்பில் ‘உளவு’க்குப் பிறகு ஒற்று மிகாது.